பதினான்கு பயனாளிகளும் ஒரு காய்ச்சலும்

நான் எழுதும் பொய்களை மாதாமாதம் வாசித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரியாக என் மனைவியே வந்து சேர்ந்தாள். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அவளை அந்தப் பரீட்சைக்கு இழுத்துக்கொண்டு போனவனே நான்தான்.

எனக்கு எதையாவது தொடங்காமல் இருக்க முடியாது. காளான் கொட்டில் தொடங்கினேன். காளானைத் தவிர மற்றதெல்லாம் முளைத்தது. ஆங்கிலம் பேசும் கழகம் தொடங்கினேன். மூன்றாம் கிழமை எல்லாரும் தமிழில் சண்டை பிடித்துக்கொண்டு கலைந்தார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்துகொண்டு, நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்குத் தயாராவது என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். நான்கு நிறத்தில் கால அட்டவணை கீறிச் சுவரில் ஒட்டினேன். வட்ஸ்அப்பில் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, அதற்கு நானே அட்மின் ஆனேன். பழைய வினாத்தாள்களுக்கு விடை எழுதி, குறிப்புகளை ஒரு கொப்பியாகக் கட்டினேன். அந்தக் கொப்பி கல்யாண அல்பத்தைவிடத் தடிப்பாக இருந்தது.

என் மனைவி அப்போது ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்குத் தனியாகப் போய்வர எனக்கு அலுப்பு. அதனால் அவளுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பினேன். கையெழுத்தை மட்டும் அவள் போட்டாள்.

“எனக்கென்னத்துக்கு இது?” என்றாள்.

“துணைக்கு வா. கோல்பேஸ் கடற்கரையப் பாத்திட்டு வரலாம்.”

ரயிலில் அவள் என் கொப்பியைப் பொலன்னறுவை வரைக்கும் வாசித்தாள். பிறகு அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினாள். நான் கொழும்புக் கோட்டை வரும்வரை கண் மூடவில்லை. மண்டபத்தில் முதல் கேள்வியே எனக்குப் பிடித்த கேள்வி. அதற்கு ஒன்பது பக்கம் எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது மற்ற நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து இருபது நிமிடம் இருந்தது. அவள் எல்லாக் கேள்விகளுக்கும் இரண்டு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, வெளியே மரத்தடியில் நின்று ஐஸ்பழம் குடித்துக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்த அன்று அவள் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போனில் என் சுட்டெண்ணை மூன்று தரம் தேடினேன். நான்காம் தரம் அவளுடையதைத் தேடினேன்.

“பாஸ்,” என்றேன்.

“நான் சொன்னன்தானே நீங்க எடுப்பீங்க எண்டு.”

“நான் இல்ல. நீ.”

“சும்மா பகிடி விடாதீங்க. பூனையக் கலைங்க முதல்.”

பூனையைக் கலைத்தேன். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பூனை திரும்பி வந்து ஒரு மீனைக் கொண்டுபோனதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நேர்முகத்திலும் தேறினாள். ஊரில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னையும் மேடையில் ஏற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் நான்கு நிறக் கால அட்டவணையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். சிவப்பு நிறம் எதற்கு, நீலம் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது மைக் வேலை செய்யாமல் போனது. கரண்ட் போகவில்லை, மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் களுதாவளையிலிருந்து தேற்றாத்தீவுக்கு ஒரு பெட்டியுடனும் ஒரு மோட்டார் சைக்கிளுடனும் வந்தவன். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வளவுக்குள் நிற்கும் ஏழு தென்னையும் அவளுடையது. பக்கத்து அறையில் மாமி. இதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஏனென்றால் காலையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், மோட்டார் சைக்கிளை ஏற்றி வாவியின் அந்தக் கரையில் இறங்கினால், அங்கே எனக்கென்று ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு ராச்சியம் இருந்தது.

அவள் கொழும்பில் பல மாதம் பயிற்சி முடித்து வந்தாள். முதல் நியமனமாக அந்த ராச்சியத்துக்கே உதவிப் பிரதேச செயலாளராகப் போட்டார்கள். புருசனையும் பெண்சாதியையும் பிரிக்கக் கூடாது என்று கருணையுள்ள யாரோ ஒருவர் நினைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் அவளை அலுவலக ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு பாலத்தால் சுற்றிப் போனது. நான் வழக்கம்போலப் பாதையில் போனேன். வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே போனபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கில்லை என்று விளங்குவதற்குள் நான் சிரித்துத் தலையாட்டிவிட்டேன். அவள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

என் பக்கத்து மேசைக்காரன் ஓட்டமாவடி ஊர்க்காரன், எங்களுக்கு அவன் ஓட்டமாவடியான். அலுவலகத்துக்குக் கிட்ட அறை எடுத்துத் தங்கியிருந்தான். அன்றைக்கே தீர்ப்புச் சொன்னான்.

“மச்சான், நமக்கெல்லாம் நாலேகாலோட டியூட்டி முடியிது. உனக்கு இனி முடியவே முடியாது.”

அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். “வீட்டில ஒபிஸ் கத வேணாம். ஒபிஸ்ல வீட்டுக் கத வேணாம்.” நல்ல சட்டம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதை டைப் செய்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுவோமா என்றுகூடக் கேட்டேன். ஆனால் இருவருக்கும் நாள் முழுவதும் ஒபிஸ் என்றால் வீட்டில் கதைக்க என்ன மிஞ்சும்? மூன்றாம் மாதம் நாங்கள் மாமியின் கோழிகளைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மௌனத்தை நான் என் பாணியில் நிரப்பினேன். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் “சரி மேடம்” என்பேன். முதல் தடவை சிரித்தாள். பத்தாம் தடவை என்னைப் பார்த்துவிட்டுத் தானே கடைக்குப் போனாள். வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் “எல்லாம் என்ட நோட்ஸ்தான்” என்று சொல்லாமல் தேத்தண்ணி கொடுத்ததில்லை. அவள் மேசையில் வைத்திருக்கும் கடித வரைவுகளை யாரும் கேட்காமலே எடுத்துத் திருத்துவேன். நான் அவளுக்கு உதவி செய்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

நாட்குறிப்பின் கதையை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் இரண்டு தாள்கள் உண்டு. மாதம் தொடங்க முதல், எந்த நாளில் எந்தக் கிராமத்துக்குப் போவேன் என்று நிகழ்ச்சித் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் முடிய, போனேன் என்று நாட்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அதிகாரி ஒப்பமிடுவார். வாழ்க்கை திட்டப்படி நடக்காது. ஆனால் நாட்குறிப்பு நடக்கும். அதில் நான் வல்லவன். மற்றவர்கள் “களப்பயணம்” என்று ஒரு சொல்லில் முடிப்பதை நான் ஆட்கள், கால்நடை, காலநிலையோடு எழுதுவேன்.

ஒரு மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றேன். லீவு எடுத்திருக்கலாம். ஆனால் லீவை அங்கீகரிக்க வேண்டிய ஆள் எனக்கு முன்னால் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். கஞ்சி வைத்தேன், அது களியாக வந்தது. மாமி எட்டிப் பார்த்து, “மருமகன், இத வெட்டித்தான் குடுக்கணும்,” என்றார். நெற்றிக்கு ஈரத்துணி மாற்றினேன். மத்தியானம் கண் விழித்து, “போகல்லயா நீங்க?” என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கினாள். அவள் வேலைக்கு வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல நாள் அதுதான்.

மாத முடிவில் அந்த நாளுக்கு நேரே நான் எழுதியது இது: “வீட்டுத்தோட்டப் பயனாளிகள் பதினான்கு பேரைச் சந்தித்தேன். இருவர் கத்தரி நாற்றுக் கேட்டனர். ஒருவர் யானை வேலியை உடைத்ததாக முறையிட்டார். மாலையில் மழை மேகம் காணப்பட்டது.”

மேகத்தை எழுதாமல் விட்டிருக்கலாம்.

நாட்குறிப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் அவளுடைய நேர்த்தியான கையெழுத்து: “குறித்த தினத்தில் உத்தியோகத்தர் களத்தில் இருக்கவில்லை என்பதை நேரில் அறிவேன். ஒரு கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவும்.”

அது தபால் தட்டில் திறந்தபடி வந்ததால் எனக்கு முன்னால் எல்லாரும் வாசித்துவிட்டார்கள்.

“நேரில் அறிவேனாமே!” ஓட்டமாவடியான் மேசையில் அடித்துச் சிரித்தான். “எவடத்தில வெச்சு அறிஞ்சவ மச்சான்? சாட்சி ஆராம்?”

“உன்ட வேலையப் பாரு.”

“என்ட வேலையும் இதுதான்டா. என்டதும் திரும்பி வந்திரிக்கி.” தன்னுடையதைத் தூக்கிக் காட்டினான். மொத்தம் ஏழு பேருடையது திரும்பி வந்திருந்தது. “நாங்க ஆறு பேரும் இப்ப ஒண்ணும் எழுத மாட்டம். உன்டத என்ன செய்யிறா எண்டு பாத்துத்தான் எழுதுவம். உனக்குக் கையெழுத்து வெச்சா எங்களுக்கும் வெக்கத்தானே வேணும்?”

அவன் பகிடியாகச் சொன்னாலும் முழு அலுவலகமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கோ வேறு எரிச்சல். அன்று பின்னேரம் சட்டத்தை உடைத்தேன்.

“என்னகா இது? உனக்குக் கஞ்சி வெச்சதுக்கா விளக்கம் கேக்கிறாய்?”

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். “கஞ்சி வெச்சதுக்கில்ல. பதினாலு பேரச் சந்திச்சதுக்கு.”

“எல்லாரும் எழுதுறதுதானே?”

“எழுதுறாங்க. அவங்க எங்க நிண்டாங்க எண்டு எனக்குத் தெரியா, விசாரிச்சுத்தான் பிடிச்சன். நீங்க எங்க நிண்டீங்க எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடி நான் கையெழுத்து வெக்கிற?”

“புருசனெண்டு பாக்க மாட்டியா?”

“பாத்தன். அதனாலதான் ‘ஒரு கிழமைக்குள் தரவும்’ எண்டு எழுதின. மத்தவங்களுக்கு ‘உடன் தரவும்’.”

பிறகு கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். மாற்றம் கேட்கும் விண்ணப்பம். நிரப்பியிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை குடுக்கப் போறன். எங்க போட்டாலும் சரி. மொனராகலையெண்டாலும் சரி.”

“உன்ட வீட்ட விட்டிட்டா?”

“அங்க நாப்பது பேர் ‘மேடம்’ எண்டுறாங்க. வீட்டுக்கு வந்தா இஞ்சயும் ஒராள் ‘மேடம்’ எண்டுறார். எது வீடெண்டு எனக்கு விளங்கல்ல.”

வழக்கமாக அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு மருமகனை அவன் பெண்சாதி இல்லாமல் மாமியுடனும் ஏழு தென்னையுடனும் தனியே விட்டுவிட்டுப் போவதென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு பெயரும் இல்லை. அப்படி நடந்ததே இல்லை.

அடுத்த நாள் காலை மாமியிடம் போனேன். இதைவிட மோசமான யோசனை அந்த மாதத்தில் எனக்கு வரவில்லை. “மாமி, நீங்க ஒரு சொல்லுச் சொன்னா ஒரு கையெழுத்துத்தான்...”

மாமி கோழிக்குத் தவிடு குழைத்தபடி கேட்டார். “இந்த வீட்ட மகளுக்கு எழுதின உறுதிப் பத்திரத்தில நான் கையெழுத்து வெச்ச நாள் நினைவிரிக்கா மருமகன்? ஒரு வரியும் வாசிக்கல்ல. உங்கட முகத்தப் பாத்து வெச்சன்.” தவிட்டைக் கொட்டினார். “அவள் வாசிச்சு வெக்கிறாள். நல்லம்தானே.”

விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு ஆறு பக்கம், மூன்று உபதலைப்பு. இரண்டாவதில் பெண்களின் முன்னேற்றம் பற்றி ஒரு பந்தி இருந்தது. வாசித்தபோது எனக்கே கூசியது. இரண்டையும் கிழித்தேன். வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கு மேலே இருக்கும் பிரதேச செயலாளருக்கு ஒரு போன் எடுத்து லீவு சொல்லியிருக்கலாமே? அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஏன் எடுக்கவில்லை? அதற்கான விடை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பரீட்சையிலும் நான் இப்படிச் சுருக்கமாக எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் ஒபிஸ் கதை இல்லை என்றபடியால் அதை வீட்டில் கொடுக்க மனமில்லை. தட்டில் போட்டால் எல்லாரும் வாசிப்பார்கள். புதன்கிழமை பொதுமக்கள் தினம். அன்றைக்கு யாரும் நம்பர் எடுத்து அவளை நேரில் சந்திக்கலாம். நானும் பொதுமக்கள்தானே என்று போய் நம்பர் எடுத்தேன். முப்பத்தொன்று.

நீள வாங்கில் ஆட்களோடு ஆட்களாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அக்கா, காணிப் பத்திரங்களைச் சொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“தம்பிக்கு என்ன பிரச்சினை? காணியா?”

“இல்லக்கா. மனிசியோட கொஞ்சம் கதைக்கணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு இஞ்ச வந்து என்ன செய்யிற? இணக்க சபைக்கெல்லோ போகணும்.”

“அவ இஞ்சதான் இரிக்கா.”

“ஆரு, தேத்தண்ணி ஊத்துற பிள்ளையா? நல்ல பிள்ள தம்பி அது. அடிகிடி போட்டிராதீங்க.”

என் முறை வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. உள்ளே போனேன். அவள் தாளைப் பார்த்தபடி, “இருங்க, என்ன விசயமா வந்த...” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். நம்பர் துண்டை மேசையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று தெரியவில்லை.

“விளக்கம் கொண்டு வந்திரிக்கன்.”

வாசித்தாள். அதில் இவ்வளவுதான் இருந்தது: “குறித்த தினத்தில் நான் களத்துக்குச் செல்லவில்லை. பதினான்கு பயனாளிகளும் யானையும் கற்பனை. மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டில் நின்றேன். லீவு கேட்காததற்குக் காரணம், போனில் யாரிடம் சொன்னாலும் பிறகு கொடுக்க வேண்டிய லீவுக் கடிதத்தில் மனைவியின் பதவியை எழுதி, கீழே என் பெயரை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதை நான் இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. அவர் என் குறிப்புகளால் தேறவில்லை; பொலன்னறுவைக்குப் பிறகு அவர் அவற்றை வாசிக்கவில்லை.”

அவள் முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் வாசித்தாள்.

“கடைசி வசனங்கள் விளக்கத்துக்குத் தேவையில்ல,” என்றாள்.

“எடுக்கட்டா?”

“வேணாம். இரிக்கட்டும்.”

பேனாவை எடுத்து, அந்த நாளை முன்னறிவித்தலில்லாத லீவு என்று குறித்து, கடிதத்தை என் தனிப்பட்ட கோப்பில் இடச் சொல்லி எழுதினாள். பிறகு நான் அதனுடன் இணைத்திருந்த இரண்டாவது தாளைக் கண்டாள். என்னுடைய மாற்ற விண்ணப்பம்.

“ஓட்டமாவடிப் பக்கமா?”

“வெற்றிடம் இரிக்காம்.”

“ரெண்டு மணித்தியாலம் பஸ். போக ரெண்டு, வர ரெண்டு.”

“ஓம்.”

“யோசிச்சு எழுதின? இல்ல, காளான் கொட்டில் மாதிரியா?”

“காளான் மாதிரித்தான் தொடங்கின. எழுதி முடிக்கக்குள்ள யோசிச்சிட்டன். நீ இஞ்ச நல்லா வேல செய்யிறாய். நான்தான் இடைஞ்சல். போறதெண்டா நான் போகணும்.”

அவள் சிபாரிசு செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். முழுதாக வாசித்துத்தான் வைத்தாள். தன் விண்ணப்பத்தைக் கிழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. “உங்கடது வரட்டும். அதுவரைக்கும் என்டது பேக்கில கிடக்கட்டும்,” என்றாள். அதிகாரிதானே. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த ஆள வரச் சொல்லுங்க. வெளியில நிண்டு கதையளந்துகொண்டிராதீங்க,” என்றாள்.

கதவைத் திறந்தேன். காணிக்கார அக்கா உள்ளே போகும்போது என் காதருகே, “தேத்தண்ணிப் பிள்ளையக் கண்டீங்களா?” என்று கேட்டார்.

மற்ற ஆறு பேரும் இரண்டு நாளில் விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டமாவடியான் மட்டும் என்னோடு ஒரு நாள் கதைக்கவில்லை. அடுத்த நாள் வந்து, “நீ எங்கட ஊருக்குப் போற, நான் உங்கட பக்கம் கிடக்கன். வாப்பா வீட்டில மத்தியானச் சோத்துக்குச் சொல்லிரிக்கன், போய்த் தின்னு,” என்றான்.

இரண்டு மாதத்தில் மாற்றம் வந்தது. அவளுடைய தாள் அதன்பிறகுதான் குப்பைக்கூடைக்குப் போனது. இப்போது விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறுகிறேன். வந்து இறங்க ஆறு, ஆறரையாகும். புதிய அலுவலகத்தில் என் நாட்குறிப்பு சப்பென்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.

போன முதல் நாள் களைத்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் எதிரே உட்கார்ந்தாள். புதிய இடம், புதிய ஆட்கள், பஸ்ஸில் கண்ட ஒரு சண்டை என்று சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வாயெடுக்க முதல் அவள் தொடங்கிவிட்டாள். பெரிய அதிகாரி எல்லார் முன்னாலும் தன்னை ஏசியதை, ஒரு காணிப் பிரச்சினையில் தான் எடுத்த முடிவு பிழையோ என்று பயமாக இருப்பதை, அந்தக் கதிரையில் உட்கார்ந்த முதல் மாதம் கழிவறையில் போய் அழுததை. நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அதனாலேயே அவளால் என்னிடம் சொல்ல முடியாமல் போனதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மாமி வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். சோறு ஆறிப்போனது.

காணிப் பிரச்சினைக்கு எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. “இஞ்ச பாரு, இதுக்கு ஒரு வழி...” என்று தொடங்கினேன்.

“முதல் கேளுங்க,” என்றாள்.

கேட்டேன்.